துரையின் அறை

எங்கள் கிளி மூன்று நாளாகத் தீனி தொடவில்லை. கூண்டின் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அதற்குத் துரை என்று பெயர் வைத்தவர் என் கணவர்.

"உங்களுக்கே ஒரு வாரமாத் தலைவலி. முதல்ல உங்களைக் காட்டுவோம்ங்க" என்றேன்.

"நான் மாத்திரை போட்டுக்குவேன். துரை என்ன பண்ணுவார், பாவம்?" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டார்.

கால்நடை மருத்துவர் துரையின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"நோய் ஒண்ணும் தெரியலையே. எங்க வச்சிருக்கீங்க?"

"நான் எழுதுற ரூம்ல, டாக்டர். குளிர் படக்கூடாதுன்னு ஜன்னலைக்கூடத் திறக்கிறதில்ல."

"அடைச்ச காத்து இதுங்களுக்கு ஆகாது சார். இன்னைக்கே கூண்டை வேற இடத்துல வைங்க."

அன்றே கூடத்துக்கு மாற்றினோம். மறுநாள் மதியம் துரை விதைகளைக் கொறித்துவிட்டு வீடு அதிரக் கத்தியது.

"டாக்டரம்மா கெட்டிக்காரிதான்" என்று என் கணவர் சிரித்தார். "ஆனா இவர் கச்சேரியில என் தலை வெடிக்குது. உள்ள போய்க் கொஞ்சம் கண்ணசர்றேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சமையலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கூண்டின் தட்டைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு துணிகளையும் அலசினேன். காபியுடன் எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த அறைச் சுவருக்கு அப்பால் இருந்த வெந்நீர் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் விரிசல் விட்டிருந்ததாம். வாசனையே இல்லாத விஷவாயு என்றார்கள். பல நாளாகவே உள்ளே கசிந்திருக்க வேண்டுமாம்.

டாக்டர் கூண்டை மாற்றச் சொன்னார். நாங்கள் கூண்டை மட்டும் மாற்றினோம்.