எழுப்பும் அடிகள்

பௌர்ணமி நாளின் மதிய வெயிலில் யாம்மாயா கண்களை மூடியபடி முற்றத்தில் ஆடுகிறாள். அவளுக்குப் பதினோரு வயது. இந்தச் சடங்கில் பாட்டு கேட்டு மயங்கி ஆடுபவளைப் பாட்டின் கடைசி அடிகள்தான் எழுப்பும். திருவிழாவுக்கு வந்திருக்கும் அவள் சித்தி சுன்கேசரி பாடுகிறாள். பொக்காரா நகரப் பேருந்துகளில் எல்லாம் ஒலிப்பது சித்தியின் குரல்தான். ஊர்க்காரர்களான எங்களுக்குப் பின்பாட்டு மட்டுமே தெரியும். “பஸ்ஸுல நாலே நிமிஷத்துல முடிச்சிடுவியே, இங்க என்ன இழுக்குற?” என்கிறார் மாதல் மேளம் அடிக்கும் பூர்ணே. நாங்கள் சிரிக்கிறோம். சுன்கேசரி ஒரே அடியை மூன்றாம் முறையாகப் பாடிவிட்டு எங்கள் பின்பாட்டுக்கு நடுவே யாம்மாயாவின் அம்மாவான தன் அக்காவிடம் குனிகிறாள். “அடுத்த அடி ஞாபகம் வரலக்கா. ரெக்கார்டுல இதுவரைக்கும்தான்.” “அதுல பாட்டு எப்படி முடியும்?” “முடியாது. சத்தத்த மட்டும் கொஞ்சங்கொஞ்சமா குறைச்சிடுவாங்க.” மாதல் நிற்கிறது. யாம்மாயாவின் விரல்கள் நிற்கவில்லை. சுன்கேசரி அதே அடியை மறுபடி எடுக்கிறாள். மேடையிலும் ரெக்கார்டு போலவே முடித்துப் பழகியதில் அவளையறியாமல் குரல் தாழ்கிறது. யாம்மாயாவின் கைவீச்சு சிறிதாகிறது. குரல் இன்னும் தாழ்கிறது. பித்தளை வளையல்கள் ஓசையற்றுப் போகின்றன. மூடிய இமைகளுக்குக் கீழே அவள் மூச்சும் அதே அளவில் தாழ்கிறது. “குறைக்காதடி!” என்று அக்கா அலறுகிறாள்.