நீலச் சுவர் எந்த ஊர்?

"கொஞ்சம் மெதுவாத் தேயி, ஜோதி" என்று முனகியபடி ஜெகதீஸ்வரன் முழங்காலை நீட்டினார். மனைவி தைலம் தேய்க்க, அவர் கண் மட்டும் செல்போனில் இருந்தது.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே விளையாட்டுதான். ஒருவர் படம் போடுவார், மற்றவர்கள் அது எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். இதில் தன்னை மிஞ்ச நாமக்கல் மாவட்டத்திலேயே ஆளில்லை என்பது ஜெகதீஸ்வரனின் சொந்தத் தீர்ப்பு.

இன்று மச்சினன் போட்ட படத்தில் ஒரு நீலச் சுவரும், செங்கல்லை முட்டுக் கொடுத்த பெஞ்சும் தவிர வேறொன்றும் இல்லை. ஆளாளுக்கு எருமப்பட்டி, நாமகிரிப்பேட்டை என்று உளறினார்கள்.

"மேட்டூர் அணைக்குப் பக்கத்துல, மீன் வறுக்கிற கடை" என்று அவர் தட்டி அனுப்பினார்.

உடனே மச்சினனிடமிருந்து பதில் வந்தது. "சரிதானுங்க மாமா. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க."

ஜோதிக்கே ஆச்சரியம். "வெறும் செவுத்தைப் பாத்து எப்படிங்க சொன்னீங்க?"

ஜெகதீஸ்வரனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "செவுத்தை எவன் பாத்தான்? நேத்து நான் உக்காந்ததும் அந்த பெஞ்சுக் கால் ஒடஞ்சு, நானும் கீழ விழுந்தேன். செங்கல்லை எடுத்து முட்டுக் குடுத்ததே நாந்தான்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏனுங்க, அப்ப நேத்து புரட்டாசிச் சனிக்கிழமைன்னு விரதமிருந்து நீங்க ஏறி இறங்குன நைனாமலை எந்த ஊர்ல இருக்குதுங்க?"

குழுவில் கைதட்டல் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஜோதி, அதுவரை தேய்த்த தைலத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்து எடுத்தாள்.