மூன்றடி பின்னால்

"இப்பல்லாம் ஜனங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பேட்டரி வேணும். காதைப் பொத்திக்கறதுக்குமா பேட்டரி? கொஞ்சம் பஞ்சைத் திணிச்சோமா, வேலையைப் பார்த்தோமான்னு இல்லாம," என்றார் பெரியவர்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, துப்பாக்கி சுடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் காதுமூடிகள் மூன்றைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். பக்கத்தில் மருமகள் நின்றாள். அவள் போட்டிகளில் சுடுகிறவள். பெரியவரோ அவள் சுட்டுப் பழகும் துப்பாக்கி ரேஞ்சிலேயே முப்பத்திரண்டு வருஷம் குறிப்பலகை மாற்றியவர். பஞ்சை நம்பி வலது காதின் கேட்கும் சக்தியில் பாதியைத் தொலைத்தவர். வெட்கக்கேடு என்று அதை மட்டும் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"புது ரூல் மாமா. இது இல்லாம இனிமே யாரையும் உள்ள விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை தேர்வுப் போட்டி. நீங்க எனக்குப் பின்னாடி நிக்கணும்," என்றாள்.

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் கடைப்படி ஏறியதே. வீட்டில் அவருக்கு வாய் இருப்பதே தெரியாது. வைத்ததைச் சாப்பிடுவார், காட்டிய இடத்தில் படுப்பார். தங்கமான மாமனார் என்று தெருவே சொல்லும். ஆறு நாள் அடக்கி வைத்ததை அவர் ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் கொட்டுவது யாருக்குத் தெரியும்?

மருமகள் காதுமூடியை மாட்டித் துப்பாக்கியைத் தூக்கியதும், மூன்றடி பின்னால் நின்று ஆரம்பிப்பார். "ஒட்டடைக்குச்சி, நிக்கறதைப் பாரு. இவ போடறது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?" அவள் திரும்ப மாட்டாள். இரண்டு காதும் மூடியிருக்கிறதே, சுவரோடு பேசுகிற மாதிரிதான். ஏதாவது வேண்டுமென்றால் தோளைத் தட்டிச் சைகை காட்டுவார். அரை மணி நேரம் திட்டித் தீர்த்தால் நெஞ்சு லேசாகிவிடும். திரும்பி வரும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அந்த இடம் போய்விட்டால் எங்கே போய்க் கொட்டுவது?

"எதையாவது போட்டுத் தொலைக்கிறேன். குடு தம்பி."

முதலாவது, தலையை இடுக்கியில் வைத்துத் திருகுவதுபோல் பிடித்தது. இரண்டாவது சோற்றுக் கிண்ணம் அளவுக்கு இருந்தது. பெரியவர் கையிலிருந்த குடையைத் துப்பாக்கி மாதிரி கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மூடி இடித்தது.

"சுடப் போறது மேடம். நீங்க சும்மா நிக்கத்தானே போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஏன், எனக்குக் கோவம் வராதா?"

மருமகள் சிரித்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள். "இது மெத்து மெத்துன்னு இருக்கும். உங்களுக்குக் கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னால அழுத்தினா ஆகாதுல்ல?"

இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று பெரியவர் யோசித்தார். மகன் சொல்லியிருப்பான். அவன்தான் கேட்காமலே எல்லாம் கவனிக்கிறவன். கழிப்பறைச் சுவரோரம் கிடந்த அவர் கட்டில் போன மாதம் ஜன்னலோரத்துக்கு மாறியதும் அவன் வேலையாகத்தான் இருக்கும். 'பெத்த புள்ளைக்குத் தெரியுது, வந்தவளுக்குத் தெரியுதா' என்று அதையும் ரேஞ்சில் சொல்லித் தீர்த்திருந்தார்.

மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிக் கம்பி உறுத்தவில்லை. கனமும் இல்லை. ஆனாலும் சும்மா ஒப்புக்கொள்ள முடியுமா? கழற்றிப் புரட்டிப் பார்த்தார், விரல் எதிலோ பட்டது.

"இந்தா, ஏதோ பச்சையா எரியுதே?"

"அதுதான் சுவிட்ச் ஐயா. இதைப் போட்டா என்ன ஆகும்னா..."

"ஒண்ணும் ஆக வேண்டாம். அணைச்சு விடு. விளக்கு எரிய ஒரு பேட்டரியாம், அதுக்கு ஒரு வியாக்கியானமாம்."

கடைக்காரர் மருமகளைப் பார்த்தார். அவள் கண்ணைக் காட்டினாள். அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, காதுமூடியைப் போட்டு வைக்கும் பையைக் காட்டுவதற்காக அவளைக் கடையின் மறுகோடிக்கு அழைத்துப் போனார்.

தனியாக நின்ற பெரியவர் அதை மறுபடி மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். அப்படி என்னதான் ஆகிவிடும்? இருவரும் முதுகைக் காட்டி நின்றதால், திருட்டுத்தனமாகச் சுவிட்சைத் திருகினார்.

சுவர்க் கடிகாரம் டக் டக்கென்று காதுக்குள்ளேயே அடித்தது. தெருவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். கடைக்காரர் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம், தன் சட்டையில் இருந்து வருவதுபோல் கேட்டது. அதற்குப் பிறகு, கிசுகிசுவென்று மருமகள் குரல்.

"சின்னச் சத்தத்தை எல்லாம் இது பெருசாக்கிக் குடுக்கும்னு அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. ரெண்டு வருஷமா நான் போடறதும் இதேதான். அவர் பின்னாடி நின்னு பேசறது ஒரு வார்த்தை விடாமக் கேக்கும். அதை வெச்சுத்தான் கட்டிலையே மாத்திப் போட்டேன்."

"திட்டுவாரா மேடம்?"

"ஒட்டடைக்குச்சிம்பார். இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா அங்கயும் வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் அவருக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் காதுமூடியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார்.

"என்ன மாமா, பிடிக்கலையா?" என்று ஓடி வந்தாள் மருமகள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. பேட்டரி சாமானை எல்லாம் நம்பவே கூடாது," என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கி நடந்தார்.