ஜன்னலில் நின்ற அம்மா

அக்கா படம் வரைய, தங்கை நிரல் எழுத, இருவரும் உயிரைக் கொடுத்துச் செய்த வீடியோ கேம் அது. ஒரு சிறுமி புதிர்களை அவிழ்த்து வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். விளையாடிப் பார்த்த தோழி உள்ளதைச் சொன்னாள்.

"படமெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா பாப்பா லேட்டாதான் குதிக்கிறா, புதிரும் மண்டையக் காயவைக்குது. நல்லவேளை, ஜன்னல்ல நிக்கிற அம்மா வழி காட்டினாங்க."

"யாரக் கேட்டு அந்தம்மாவ வரைஞ்சே?" என்று தங்கை முறைத்தாள்.

"நீதான் எங்கிருந்தோ எடுத்துப் போட்டேன்னு இருந்தேன்," என்றாள் அக்கா.

தங்கை நம்பவில்லை. ஜன்னலையே அழித்துவிட்டு விளையாடிப் பார்த்தாள். வெறும் சுவர்தான் இருந்தது. குதிக்கும் பட்டனை அமுக்கினாள்.

சிறுமிக்கு ஓடவும் குதிக்கவும் மட்டும்தான் அக்கா வரைந்து கொடுத்திருந்தாள். அந்தச் சிறுமியோ, யாரோ பிடித்திருப்பதுபோல் ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டு, சுவரை நோக்கி மெல்ல நடந்து போனாள்.