ஒன்றரை மணிப் பொய்

"இன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பிட்டீங்க. பெரிய முதலாளியும் வெளியே போயிருக்காரு. வந்து கேட்டா என்ன சொல்லட்டும்?" போன் எடுக்கும் பெண் கேட்டாள்.

"பார்ட்டியைப் பார்க்கப் போயிருக்கேன்னு சொல்லும்மா."

தலையை வாரிக்கொண்டு சின்ன முதலாளி பின்வாசல் வழியாக இறங்கினான். மூன்று மாதமாக அதே பொய், அதே வாசல். மனைவிக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது. பொய் சொல்ல வாய் பழகிவிட்டது. மனசுதான் பழக மாட்டேன் என்றது.

விஷயம் பெண் இல்லை, குடியும் இல்லை. கிடங்கில், அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு மணி நேரத் தூக்கம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அண்ணன் சிரிக்க மாட்டார்.

அட்டைப் பெட்டித் தொழிலை அண்ணனும் தம்பியும் ஒற்றை மெஷினோடு தொடங்கியவர்கள். "நாலு மணி நேரத்துக்கு மேல நான் தூங்கினதே இல்ல. தூங்குறவன் தொழில் பண்ணக் கூடாது" என்பது வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அண்ணன் ஓதும் மந்திரம். சும்மா சொல்லக் கூடாது, பிற்பகலில் ஊரே கொட்டாவி விடும்போது அவர் மட்டும் அப்போதுதான் குளித்து வந்தவர் போல மெஷின் மெஷினாகச் சுற்றுவார்.

தம்பியும் அந்த நாலு மணி நேரத்தை முயன்று பார்த்தான். தூக்கக் கலக்கத்தில் ஓர் அங்குலம் குறைத்து அளவு எழுதிக் கொடுக்க, இரண்டாயிரம் பெட்டி பாழாய்ப் போனது. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் வீட்டுக்கே போகாமல், தானே நின்று மறுபடி வெட்டிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கிடங்குப் பழக்கம். ஒன்றரை மணிக்குப் போனால் காவலாளி பாயை விரித்தே வைத்திருப்பார். தலையணை வெதுவெதுவென்று இருக்கும். தகரக் கூரையாச்சே என்று நினைத்தபடியே கண்ணை மூடிவிடுவான்.

அளவில் அப்புறம் ஒரு தப்பு வந்ததில்லை. ஆனாலும் எழுந்து முகம் கழுவும்போதெல்லாம், அண்ணனை உழைக்க விட்டுத் தான் மட்டும் திருட்டுத்தனமாகச் சுகப்பட்டதை நினைத்து உடம்பு கூசும்.

இன்று காலை அண்ணன் அவன் தோளைத் தட்டி, "நீ இருக்கிறதாலதான்டா நான் நிம்மதியா இருக்கேன்" என்றார். அது முள்ளாய்த் தைத்தது. போதும், பாயைச் சுருட்டித் தூக்கிப் போட்டுவிட்டு நேரே அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தான். அதனால்தான் பன்னிரண்டரைக்கே கிளம்பியது.

கிடங்கு வாசலில் அண்ணனுடைய பைக் நின்றது.

கிடங்குப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷர். தான் சொல்வதற்கு முன்னால் யாரோ சொல்லிவிட்டார்கள். பாயையும் தலையணையையும் பார்த்தபடி அண்ணன் உள்ளே நிற்பதை நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

காவலாளி ஸ்டூலை விட்டெழுந்து அவசரமாக வந்தார்.

"அண்ணனுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சா?" அவன் முந்திக்கொண்டு கேட்டான்.

காவலாளி உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. அண்ணன் இன்னும் எந்திரிக்கல."