டைனமோப் பாட்டு

“கரண்ட் இல்லையெண்டு விடியத் தொடக்கம் சைக்கிள் மிதிச்சு, டைனமோவில பாட்டுப் போடுறீர். ஒரு பாட்டையாவது காது குடுத்துக் கேட்டனீரோ?” வேலிக்கு அப்பால் நின்று அதட்டினார் பக்கத்து வீட்டுக் குலசிங்கம்.

“அது தன்ரபாட்டில பாடட்டும் அண்ணை. தனிய இருக்கிறன்,” என்று, ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை மிதித்தபடி மூச்சு வாங்கினாள் இலட்சுமிப்பிள்ளை.

“ஆமிக்காரர் பொடியளைப் பிடிக்கத் தொடங்கினவுடன உம்மட மகன் கொழும்புக்குப் போட்டானெல்லே?”

“ஓம்... போட்டான்.” அவள் இன்னும் வேகமாய் மிதித்தாள்.

“இதே கசெட் என்னட்டையும் இருக்கு, தங்கச்சி. அதில ஒரு பாட்டிலயும் இருமல் இல்லை.”

அவள் கால்கள் நின்றன. பாட்டு இழுபட்டு ஓய்ந்தது. அறைக்குள் மகன் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது வெளியே கேட்டது.

குலசிங்கம் ஒரு கசெட்டை வேலிக்கு மேலால் நீட்டினார்.

“தவில் கச்சேரி. இதைப் போடும். சந்தியில ஆமி வந்திட்டான், நிப்பாட்டாமல் மிதியும்!”