காலைக் கல்யாணத்துப் பூ

"நீங்க சொல்ற விலைக்கு லில்லி வராதுக்கா. லில்லியோட காம்புதான் வரும்."

பூக்கடைக்காரி ஜெயசுந்தரி சிரிக்காமல்தான் சொன்னாள். ஆக்னஸுக்கும் சிரிப்பு வரவில்லை. மாரெட்பள்ளியில் அவள் ஏறி இறங்கும் மூன்றாவது பூக்கடை இது. இரண்டு கடைகளில் விலையைக் கேட்டதுமே தலை சுற்றிவிட்டது.

"கொஞ்சம் பாத்துப் போடுங்க சிஸ்டர். வர்ற சனிக்கிழமை கல்யாணம்."

"சாமந்தி வெச்சா செலவு பாதியாக் குறையும். வைக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். எம்பொண்ணு பிளெசி நகைகூட வேண்டாம்னுட்டா. சர்ச் ஆல்டர் பூரா வெள்ளை லில்லி இருக்கணும், அது ஒண்ணு போதும்மான்னு ஒத்தக்கால்ல நிக்கா. அதையும் இல்லேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

ஆக்னஸின் கணவன் ரூஃபஸ் வேலை பார்த்த சனத்நகர் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். சேர்த்து வைத்ததெல்லாம் கல்யாணச் சாப்பாட்டுக்கே சரியாகிவிட்டது. சென்னையிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால், மொட்டை ஆல்டரில் மகள் நிற்பதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"இதுக்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாதுக்கா. மார்க்கெட்லயே லில்லி ஏறிப்போச்சு."

ஆக்னஸுக்கு ஆற்றாமை பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன, விலையைச் சொல்லிட்டு உக்காந்துருவீங்க. பொண்ணைப் பெத்துக் கட்டிக்குடுக்கிறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!"

காம்பு நறுக்கிக்கொண்டிருந்த ஜெயசுந்தரியின் கத்தரி நின்றது. சொன்ன பிறகுதான் ஆக்னஸுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. இனி இந்தக் கடையும் இல்லை என்று பையை எடுத்தாள்.

"கல்யாணம் எந்தச் சர்ச்சுல?" என்று கேட்டாள் ஜெயசுந்தரி.

"இந்தா, தெருக்கோடியில இருக்கே, அதே சர்ச்தான். சாயங்காலம்."

ஜெயசுந்தரி கத்தரியைக் கீழே வைத்தாள். வாளியிலிருந்த பூக்களை எடுத்து, மறுபடி அதிலேயே வைத்தாள்.

"அன்னைக்குக் காலையில அதே சர்ச்சை இன்னொரு பொண்ணோட கல்யாணத்துக்கு புக் பண்ணியிருக்காங்க. பூ வேலை என்னுதுதான். ஆல்டர் முழுக்க வெள்ளை லில்லி. கலைக்காம அப்படியே விட்டுடறேன், சாயங்காலம் வரைக்கும் வாடாது. நீங்க உங்க பொண்ணு கையில பிடிக்கிற பொக்கேக்கு மட்டும் குடுங்க."

ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தால் பூச்செலவைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம்தான். ஆனால் சும்மா விட்டுக்கொடுப்பதை ஆக்னஸ் கேள்விப்பட்டதில்லை.

"அந்த வீட்டுல பாதிப் பணம் கேப்பாங்களே?"

"கேக்க மாட்டாங்க."

"அப்படி ஒரு கல்யாணம் இருக்குன்னு ஆராதனையில ஓலையே வாசிக்கலியே சிஸ்டர்? நான் ஒரு ஞாயித்துக்கிழமைகூடத் தவறுனதில்ல."

"அவங்க இங்கிலீஷ் சர்வீசுக்கு வர்றவங்க."

ஆக்னஸுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் ஆசையும் கூடவே வந்தது. "சாயங்காலம் நடுவுல நாலு சிவப்பு ரோஜா சொருகிக்கிடலாமா? பளிச்சுனு இருக்கும்."

"கூடாது." ஜெயசுந்தரியின் குரல் சட்டென்று உயர்ந்தது. "ஒரு பூவைக்கூட மாத்தக் கூடாது. அந்தப் பொண்ணே ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்து முடிவு பண்ணினது."

பணக்கார வீட்டுப் பெண், பிடிவாதம் இருக்கத்தான் செய்யும் என்று ஆக்னஸ் நினைத்துக்கொண்டாள். கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று பொக்கேயிலும் பேரம் பேசினாள். "காலையில பெரிய ஆர்டர் இருக்கே, அதுல உங்களுக்கு நல்ல லாபம்தானே?"

"அதுல நான் லாபம் பாக்கலைக்கா" என்றாள் ஜெயசுந்தரி. பொக்கே விலையையும் குறைத்துக்கொண்டாள். "காலையில வந்து நிக்காதீங்க. சாயங்காலம் நேரா பொண்ணோட வாங்க, போதும்."

சனிக்கிழமை காலை ஆக்னஸுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருத்தி தன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்தக் காலைக் கல்யாணப் பெண்ணின் அம்மா கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எப்படி? ஒரு டப்பா முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு ஓடினாள்.

வாசலில் ஒரு கார்கூட இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆல்டர் முழுக்க லில்லி. வாசலிலிருந்து ஆல்டர் வரை ஒவ்வொரு பெஞ்சு ஓரத்திலும் வெள்ளைப் பூங்கொத்து. ஆனால் பெஞ்சுகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. முன்வரிசையில் ஜெயசுந்தரி மட்டும் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். பூ வைக்க வந்தவளுக்குப் பட்டுச்சேலை எதற்கு என்று ஆக்னஸுக்குப் புரியவில்லை.

வராந்தாவில் சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் எல்வின் நின்றிருந்தான்.

"என்னப்பா, கல்யாண வீட்டுக்காரங்க இன்னும் வரலியா?"

"நக்கோ ஆண்ட்டி, வேண்டாம், சத்தமாப் பேசாதீங்க." அவன் அவளை ஓரமாகக் கூட்டிப்போனான். "கல்யாணம் ஏது? பொண்ணு ரேச்சல் மழைக்காலத்துலயே டெங்குல போயிடுச்சு. புக் பண்ணின நேரத்தையும் அந்தப் பொண்ணு செலக்ட் பண்ணின பூவையும் மட்டும் கேன்சல் பண்ண மாட்டேன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. பாஸ்டரும் சரின்னுட்டார்."

ஆக்னஸ் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அந்தம்மா எங்க இருக்காங்க? நான் பாக்கணும்."

எல்வின் உள்ளே கையைக் காட்டினான்.

"பொண்ணோட அம்மா உக்கார்ற முதல் பெஞ்சுல உக்காந்திருக்காங்களே ஆண்ட்டி, நம்ம பூக்கடை ஜெயசுந்தரி ஆண்ட்டி, அவங்கதான்."